எத்தனை மணிக்கு விடுவாங்க?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியண்ணன் மகள் போன் செய்தாள். திருச்சியில் பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள், விடுதியில் தங்கியிருக்கிறாள். "அத்தை, காலேஜ் ஒண்ணே காலுக்கு முடிஞ்சிடுது. அதுக்கப்புறம் ரூமுக்கு வந்து சும்மாதான் இருக்கேன். பார்ட் டைமா ஏதாவது வேலைக்குப் போகலாம்னு பார்க்குறேன். நீங்க படிக்கும்போதே வேலைக்குப் போனீங்கல்ல, எப்படித் தேடுனீங்க?" என்று கேட்டாள். ஜி.எஸ்.டி. தாக்கல் செய்ய வேண்டிய வாரம். ஆடிட்டர் ஆபீஸில் எங்களுக்கு அந்த வாரத்தில் ஞாயிறு கிடையாது. கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "முதல்ல படிக்கிற வேலையைப் பாரும்மா. காசு வேணும்னா அத்தைகிட்ட கேளு" என்றேன். "சரிங்க அத்தை" என்று வைத்துவிட்டாள்.

அன்று இரவு வீட்டுக்கு வந்த பிறகும் அந்த "சரிங்க அத்தை" காதிலேயே இருந்தது. நான் அவளிடம் சொன்னது, 2009இல் நான் படித்துக்கொண்டே வேலைக்குப் போக வழி கேட்டபோது என் பெரியம்மா சொன்ன அதே வாக்கியம். ஒரு எழுத்துகூட மாறவில்லை. "முதல்ல படிக்கிற வேலையைப் பாரும்மா." அன்றைக்கு அதைக் கேட்டு எவ்வளவு தனியாக உணர்ந்தேன் என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சொல்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனால் கேட்கிற பெண் அந்த நேரத்தில் படிப்பை விடப்போவதாகச் சொல்லவில்லை. படிப்பைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் வழி கேட்கிறாள். காசு வேணும்னா கேளு என்பதும் பதில் இல்லை. மாதாமாதம் அத்தையிடம் கை நீட்ட வேண்டாம் என்பதற்காகத்தானே அவள் வேலையே தேடுகிறாள்.

அவளுக்கு அரசு தருகிற ஆயிரம் ரூபாய் வருகிறது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால், 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில் மாதாமாதம் வங்கிக் கணக்கில் விழுந்துவிடும். அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். என் காலத்தில் அப்படி ஒன்று இருந்திருந்தால் இந்தக் கட்டுரையில் பாதி இருந்திருக்காது. ஆனாலும் விடுதிச் சாப்பாட்டுக் கணக்கு, தேர்வுக் கட்டணம், ரெக்கார்டு நோட்டு, ஊருக்குப் போய்வரப் பஸ் காசு என்று கணக்குப் போட்டால் ஆயிரம் எந்த மூலைக்கு? கேட்கிறவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்தும் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று யோசித்துக்கொண்டே போனதில், இதுவரை வீட்டில் பெரிதாகப் பேசாத ஒரு ராத்திரியில் வந்து நின்றேன்.

சீசன் ஆள்

எங்கள் ஊர் முசிறிக்குப் பக்கம். அப்பா கோரை அறுப்புக்கும் வாழைத்தார் ஏற்றவும் போவார். கோரை உள்ளவரை பாய்த் தறிகளுக்கு வேலை, தார் வெட்டு உள்ளவரை எங்கள் வீட்டில் காசு. கல்லூரிக் கட்டணம் கட்டுகிற மாதத்துக்கும் தார் வெட்டுகிற மாதத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பெரியண்ணன் அப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தார். அவர் அனுப்புகிற பணத்தில்தான் நான் பி.காம். சேர்ந்தேன். இரண்டாம் ஆண்டு தொடக்கத்தில் அண்ணனுக்கு இரண்டாவது குழந்தை. அவரிடம் கேட்க வாய் வரவில்லை.

எங்கள் கல்லூரியும் காலை ஷிப்ட்தான். எட்டரைக்குத் தொடங்கி ஒன்றே கால் வரை. ஊரிலிருந்து ஆறு மணிப் பஸ்ஸைப் பிடித்தால் திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கி நடந்து போகச் சரியாக இருக்கும். ஷிப்ட் முறையைப் பற்றி ஆயிரம் குறை சொல்வார்கள். மாணவர்கள் வந்ததும் போவதுமாக இருக்கிறார்கள், நூலகத்தில் உட்கார நேரமில்லை, விளையாட்டு இல்லை என்பார்கள். எல்லாம் உண்மை. ஆனால் தமிழ்நாட்டில் எத்தனையோ ஏழைப் பிள்ளைகள் பட்டம் வாங்கியதற்கு அந்த ஒன்றே கால் மணி பெல்லும் ஒரு காரணம். அரை நாள் கையில் கிடைக்கிறது. அந்த அரை நாளை யாரிடம் கொடுக்கிறோம் என்பதில்தான் மிச்சம் எல்லாம் இருக்கிறது.

நான் அதை முதலில் ஒரு ஜவுளிக்கடையிடம் கொடுத்தேன். மெயின்கார்டு கேட் பக்கம், பெரிய கடை. தீபாவளிக்கு ஒன்றரை மாதம் முன்பு "சீசன் ஆட்கள் தேவை" என்று வாசலில் அட்டை தொங்கியது. வகுப்புத் தோழி ஒருத்தியும் நானும் போய்க் கேட்டோம். மதியம் இரண்டு மணிக்கு வர வேண்டும், இரவு எட்டு மணிக்கு விட்டுவிடுவோம், நாளுக்கு நூறு ரூபாய், தீபாவளி வரை நின்றால் கடைசியில் ஒரு சேலையும் ஐந்நூறு ரூபாயும் என்றார்கள். நூறு ரூபாய் என்பது அன்று அப்பா கோரை அறுத்து வாங்கியதில் முக்கால் பங்கு. நான் வேறு எதையும் கேட்கவில்லை.

என்னைப் பூனம் சேலைப் பிரிவில் விட்டார்கள். விற்பது எங்கள் வேலை இல்லை. விற்பதற்குப் பழைய ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் எடுத்து விரித்துப் போட்டதை மடித்து அதே விலை அடுக்கில் வைப்பதுதான் எங்கள் வேலை. பருத்திச் சேலை சொன்ன பேச்சைக் கேட்கும். பூனம் கேட்காது, வழுக்கிக்கொண்டே போகும். இரண்டு முனைகளையும் சேர்த்துப் பார்டரோடு பார்டர் பொருத்தி, நடுவைத் தாடையால் நெஞ்சோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, கை இரண்டையும் கீழே இறக்கி மறுபடி பாதியாக்கி, பிறகு மேசையில் போட்டுத் தட்டி மடிக்க வேண்டும். விலை அட்டை மேல்பக்கம் தெரிய வேண்டும். ஒரு சேலைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் ஒரு குடும்பம் வந்து உட்கார்ந்தால் நாற்பது சேலை விரியும். அந்த நாற்பதை மடிப்பதற்குள் பக்கத்தில் இன்னொரு குடும்பம் உட்கார்ந்திருக்கும். வந்தவர்கள் உட்கார நாற்காலி உண்டு, மடிக்கிறவர்களுக்குக் கிடையாது. முதல் வாரத்தில் கணுக்கால் வீங்கிச் செருப்பு வார் பதிந்துபோயிற்று. தாடையின் கீழே புதுத் துணியின் கஞ்சி பட்டுத் தோல் சிவந்து அரித்தது.

2021 செப்டம்பரில், 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்து, கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று ஆக்கினார்கள். கேரளத்தில் அதற்கு முன்பே, 2018இல், பெண் ஊழியர்கள் போராடி வாங்கியிருந்தார்கள். அந்தச் செய்தியை நான் ஆபீஸில் உட்கார்ந்து படித்தேன். உட்காருவதற்குக்கூட ஒரு சட்டம் வேண்டியிருக்கிறதே என்று ஒருவர் ஆச்சரியப்பட்டார். எனக்கு ஆச்சரியமாக இல்லை. எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

கால் வலி பழகிவிடும். பழகாதது ஒன்றுதான், விடுகிற நேரம். எட்டு என்றார்கள். முதல் வாரம் எட்டே கால். அடுத்த வாரம் எட்டே முக்கால். கடைசி வாடிக்கையாளர் போன பிறகுதான் ஷட்டர் பாதி இறங்கும். ஷட்டர் இறங்கிய பிறகுதான் அன்று விரிந்த சேலைகளை எண்ணி அடுக்குவது. அடுக்கி முடித்துப் பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் வெளியே வர முடியும். ஒவ்வொரு நாளும் பத்து நிமிடம், கால் மணி நேரம் என்று கூடியது. யாரும் திட்டவில்லை, மிரட்டவில்லை. "கூட்டம் இருக்குல்ல, பார்த்துட்டுப் போம்மா" என்று அன்பாகத்தான் சொன்னார்கள். அன்பாகச் சொன்னதால் மறுக்கவும் தெரியவில்லை.

கைகாட்டி

2009இல் தீபாவளி அக்டோபர் 17. அதற்கு இரண்டு வாரம் முந்திய ஞாயிற்றுக்கிழமை, சம்பளம் வந்த முதல் ஞாயிறு. கடைக்குள் மூச்சு விட இடமில்லை. மறுநாள் திங்கள்கிழமை எனக்கு காஸ்ட் அக்கவுன்டிங் இன்டர்னல். பையில் நோட்டு இருந்தது, பஸ்ஸில் படித்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். கடையை விட்டு வெளியே வந்தபோது மணி பத்தரையைத் தாண்டிவிட்டது. மெயின்கார்டு கேட்டிலிருந்து சத்திரத்துக்கு ஓடினேன். முசிறி பஸ் நிற்கிற இடம் காலியாக இருந்தது. ஒரு டீக்கடைக்காரர், "கடைசி வண்டி போயிருச்சேம்மா, இனி மூன்றரைக்குத்தான்" என்றார்.

தோழி உறையூரில் இருந்தாள், அவள் எப்போதோ நடந்து போய்விட்டாள். அவள் வீடு எந்தத் தெருவில் என்று எனக்குத் தெரியாது. காயின் பூத்தில் ஒரு ரூபாய் போட்டு பக்கத்து வீட்டு அக்காவின் எண்ணுக்கு அடித்தேன். அவர் போய் அம்மாவைக் கூட்டிவந்தார். பஸ் போய்விட்டது, காலை வண்டியில் வருகிறேன், கூடப் படிக்கிற பெண் வீட்டில் இருக்கிறேன் என்று பொய் சொன்னேன். அம்மா மெல்லிய குரலில், "உங்கப்பா ஒன்பது மணிக்கே கைகாட்டிக்குப் போயிட்டாருடி. சைக்கிளை எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு. அவருகிட்ட போன் இல்லையே" என்றார். முசிறிக்காரர்களுக்குக் கைகாட்டி தெரியும். திருச்சி பஸ்கள் அங்கே நின்றுதான் போகும். தினமும் அப்பா அங்கே வந்து என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போவார்.

பேருந்து நிலையத்தில் ஒரு பூக்கார அம்மா சாக்கு விரித்து உட்கார்ந்து, காலை விற்பனைக்கு வாழைநாரில் பூ கட்டிக்கொண்டிருந்தார். நான் தூணருகே நிற்பதை எவ்வளவு நேரம் பார்த்தாரோ தெரியாது. "ஏம் பாப்பா, இப்படி வந்து உக்காரு" என்று சாக்கைத் தள்ளிப் போட்டார். அன்று பகல் இரண்டு மணிக்குப் பிறகு அப்போதுதான் உட்கார்ந்தேன். என்ன வேலை, எந்த ஊர், யார் பிள்ளை என்றெல்லாம் கேட்டார். சொன்னேன். பூவைக் கட்டிக்கொண்டே, "சேரும்போது சம்பளம் எவ்ளோன்னு கேட்டே. எத்தனை மணிக்கு வுடுவாங்கன்னு கேட்டியா?" என்றார்.

"எட்டுன்னு சொன்னாங்கம்மா."

"சொன்னாங்க சரி. வுட்டாங்களா? அதை யாரு கேட்டாலும் எட்டுன்னுதான் சொல்லுவாங்க. சேர்றதுக்கு முந்தின நாளு எதிர்த்தாப்புல நின்னு பார்த்திருக்கணும் பாப்பா. உள்ள வேலை செய்யுற புள்ளைங்க எத்தனை மணிக்கு வெளிய வருதுங்கன்னு பார்த்துட்டு அப்புறம் சேரணும்."

இதை நான் எந்த வேலைவாய்ப்பு வழிகாட்டி வகுப்பிலும் கேட்டதில்லை. படித்தவர்கள் யாரும் சொன்னதில்லை. அவர் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்து, சித்தாள் வேலை பார்த்து, அப்புறம்தான் பூக்கடைக்கு வந்ததாகச் சொன்னார். பூக்கடையில் தனக்குத்தானே முதலாளி, இருந்தாலும் பூ வாடுகிற நேரம்தான் தனக்கு விடுகிற நேரம் என்றார். நான் நோட்டை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் விரித்தேன். ஒன்றும் ஏறவில்லை. மூன்றரை வண்டியில் என்னை ஏற்றிவிட்டு, கண்டக்டரிடம் "பத்திரமா எறக்கி வுடுப்பா" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அவர் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

கைகாட்டியில் இறங்கியபோது இன்னும் விடியவில்லை. அப்பா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தார். ராத்திரி பூராவும் வந்த ஒவ்வொரு பஸ்ஸையும் பார்த்திருக்கிறார். நடுவில் வீட்டுக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்திருக்கலாம். அந்த நேரத்தில் ஒரு வண்டி வந்து நான் இறங்கி யாரும் இல்லாமல் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று போகவில்லை. அம்மா ஆள் அனுப்பியிருக்கலாம். பெண் பிள்ளை ராத்திரி வீடு வரவில்லை என்று ஊருக்குத் தெரிந்துவிடுமே என்று அனுப்பவில்லை. அப்பா பையை வாங்கி ஹேண்டில் பாரில் மாட்டினார். ஒன்றும் கேட்கவில்லை. பாதி தூரம் போன பிறகு, "இன்னைக்குப் பரீட்சைன்னு சொன்னியே" என்று மட்டும் சொன்னார். ஆறு மணி வண்டிக்கு மறுபடியும் அதே சைக்கிளில் கொண்டுவந்து விட்டார். அன்றைய இன்டர்னலில் இருபத்தைந்துக்கு ஏழு வாங்கினேன்.

அன்றோடு கடைக்குப் போகவில்லை. தீபாவளி வரை நிற்காததால் சேலையும் ஐந்நூறும் கிடையாது என்பது தெரிந்ததுதான். நான் நின்ற நாட்களுக்கான கூலியிலும் பிடித்துக்கொண்டுதான் கொடுத்தார்கள். இரண்டு தடவை போய்க் கேட்டேன், மூன்றாவது தடவை போகவில்லை.

ஐந்தரை மணி ஷட்டர்

அதற்கப்புறம் ஒரு மாதம் எங்கேயும் கேட்கவில்லை. கார்த்திகையில், நவம்பர் தேர்வு முடிந்த பிறகு, கன்டோன்மென்ட்டில் நீதிமன்றத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு டி.டி.பி., ஜெராக்ஸ் கடையில் "டைப்பிங் தெரிந்த பெண் தேவை" என்று பேனாவால் எழுதி ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். பிளஸ் டூ விடுமுறையில் டைப்ரைட்டிங் லோயர் எழுதித் தேறியிருந்தேன். உடனே உள்ளே போகவில்லை. பூக்கார அம்மா சொன்னபடி எதிரில் ஒரு புங்கமரத்தடியில் நின்றேன். ஐந்தே காலுக்கு உள்ளே வேலை செய்த பெண் பையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். ஐந்தரைக்குக் கடைக்கார அக்கா ஷட்டரை இறக்கினார். மறுநாளும் நின்று பார்த்தேன். அதே நேரம். மூன்றாம் நாள்தான் போய்க் கேட்டேன்.

அந்த அக்கா என்னிடம் முதலில் கேட்டது எவ்வளவு வேகம் அடிப்பாய் என்று இல்லை. "எந்த ஊரு, கடைசி பஸ்ஸு எத்தனை மணிக்கு, இருட்டுறதுக்குள்ள போயிருவியா?" என்றுதான் கேட்டார். மாதம் தொள்ளாயிரம் ரூபாய். ஜவுளிக்கடையில் ஒன்பது நாளில் வந்ததை இங்கே ஒரு மாதம் முழுக்க உழைத்தால்தான் வாங்க முடியும். கன்டோன்மென்ட்டுக்கும் சத்திரத்துக்கும் டவுன் பஸ் காசு வேறு. இன்றைக்கு அந்தப் பஸ் பெண்களுக்குக் கட்டணமில்லை. அன்று அதுவே தினக்கூலியில் ஒரு கடி. எல்லாம் போகக் கையில் நின்றது குறைவுதான். ஆனால் பட்டம் வாங்கும்வரை அங்கேயே இருந்தேன்.

வேலை என்ன என்றால், வக்கீல் குமாஸ்தாக்கள் கொண்டுவருகிற வாக்குமூலம், பத்திர நகல், வாரிசுச் சான்றிதழ் விண்ணப்பம், பட்டா மாறுதல் மனு. அனுப்புநர், பெறுநர், ஐயா என்று தொடங்கி இப்படிக்கு என்று முடிகிற மனுக்களை நூற்றுக்கணக்கில் அடித்திருப்பேன். மார்ச் மாதத்தில் கல்லூரிப் பிள்ளைகளின் புராஜெக்ட் வரும். சூடாக வெளியே வருகிற தாள்களைத் தட்டி ஒழுங்காக்கி, துளை போட்டு, ஸ்பைரல் சுருளைச் சுற்றிச் சுற்றி ஏற்றுவது எனக்குப் பிடித்த வேலை. ஒருநாள் ஒரு கூட்டு வணிக ஒப்பந்தத்தை அடித்துக்கொண்டிருந்தேன். லாபம் எப்படிப் பங்கு, ஒருவர் விலகினால் என்ன, ஒருவர் இறந்தால் என்ன என்று வரிசையாகப் போனது. எங்களுக்கு வகுப்பில் பார்ட்னர்ஷிப் அக்கவுன்ட்ஸ் நடந்துகொண்டிருந்த நேரம். பாடப் புத்தகத்தில் ஏ, பி, சி என்று இருந்தவர்களுக்குக் காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டி வைத்திருக்கிற அண்ணன் தம்பிகளின் முகம் வந்துவிட்டது. நான் இன்று ஆடிட்டர் ஆபீஸில் உட்கார்ந்திருப்பதற்கு அந்தச் சந்துதான் காரணம் என்று சொன்னால் மிகையில்லை. ஆனால் அந்தக் கடையை நான் தேர்ந்தெடுத்தது அதற்காக இல்லை. ஐந்தரைக்கு ஷட்டர் இறங்கியதற்காக.

வாரத்துக்கு எத்தனை மணி

அண்ணன் மகளுக்கு என்ன சொல்வது என்று இந்த ஒரு மாதமாக அக்கம்பக்கத்தில் விசாரித்துக்கொண்டும் யோசித்துக்கொண்டும் இருக்கிறேன். இப்போது வேலைகளின் பெயர் மாறியிருக்கிறது. ஜெராக்ஸ் கடைகள் குறைந்துவிட்டன. பையன்கள் பைக் வைத்திருந்தால் உணவு டெலிவரிக்குப் போகிறார்கள். பெண் பிள்ளைகளைக் கல்யாண ரிசப்ஷன்களில் பன்னீர் தெளிக்கவும் கல்கண்டுத் தட்டு நீட்டவும் கூப்பிடுகிறார்கள். டெலிகிராமில் வருகிற "வீட்டிலிருந்தே தினம் இரண்டாயிரம்" வகை வேலைகளைப் பற்றி ஒரு வரி போதும்: வேலை தருவதற்கு முன் நம்மிடம் காசு கேட்டால் அது வேலை இல்லை. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அடிக்க வேண்டும். எங்கள் காலத்தில் இதே மோசடி டைப்பிங் டெபாசிட் என்ற பெயரில் இருந்தது, என் வகுப்பிலேயே ஒருத்தி இரண்டாயிரம் இழந்தாள்.

சித்தி மகன் பாலிடெக்னிக் படித்த காலத்தில் கேட்டரிங் போனான். கறுப்பு பேண்ட், வெள்ளைச் சட்டை, ஷூ போட்டுக்கொண்டு மண்டபத்துக்குப் போனால் பந்திக்கு இவ்வளவு என்று கையில் காசு, சாப்பாடும் உண்டு. மாணவர்களுக்கு அதைவிடத் தோதான வேலை இல்லை என்று நினைத்திருந்தேன். அவன்தான் கணக்கைச் சொன்னான். முகூர்த்தம் தமிழ் மாதத்தில் வருகிறது, செமஸ்டர் ஆங்கில மாதத்தில் வருகிறது. கல்லூரி திறந்து கட்டணம் கட்டி முடிக்கும்போது ஆடி, ஒரு கல்யாணமும் கிடையாது. நவம்பர் தேர்வு என்றால் ஐப்பசி, கார்த்திகை முகூர்த்தம். ஏப்ரல் தேர்வு என்றால் பங்குனி, சித்திரை. காசு வேண்டிய மாதத்தில் வேலை இல்லை, படிக்க வேண்டிய மாதத்தில் வேலை குவிகிறது. அதற்கும் மேலே, கடைசிப் பந்தி எப்போது எழும் என்று யாராலும் சொல்ல முடியாது. மாப்பிள்ளை வீட்டார் வந்த வேன் வழியில் நின்றால் பரிமாறுகிற பையனின் மறுநாள் லேப் போயிற்று. மூன்று அரியரோடு வெளியே வந்தான், பிறகு எழுதி முடித்தான்.

வருகைப் பதிவு வேறு. ஒரு செமஸ்டருக்குத் தொண்ணூறு வேலை நாள் என்று வைத்துக்கொண்டால், எழுபத்தைந்து சதவீதம் காட்ட வேண்டும். விடுப்பு எடுக்க முடிவது 22 நாள். காய்ச்சல், திருவிழா, ஊரில் ஒரு சாவு எல்லாம் அந்த 22க்குள். ராத்திரி பதினோரு மணிக்கு விடுகிற வேலை அந்த 22 நாளை இரண்டே மாதத்தில் தின்றுவிடும். அதனால்தான் சொல்கிறேன், சம்பளத்தை வைத்து வேலைகளை வரிசைப்படுத்துவது தப்பு. எப்போது தொடங்கும் என்பதை எல்லா முதலாளியும் சரியாகச் சொல்வார்கள், ஐந்து நிமிடம் தாமதித்தால் கேட்பார்கள். எப்போது முடியும் என்பதையும் அதே கண்டிப்போடு வைத்திருக்கிற இடம்தான் படிக்கிற பிள்ளைக்கு இடம்.

என் நாத்தனார் மகன் இங்கிலாந்தில் எம்.எஸ்சி. படிக்கிறான். ஒரு சூப்பர் மார்க்கெட்டில் அட்டைப்பெட்டி அடுக்குகிறான். எங்கள் வீட்டு விசேஷங்களில் அதைப் பெருமையாகச் சொல்கிறார்கள், சொல்லட்டும், அவன் உழைக்கிற பிள்ளை. அவனுக்கு வகுப்பு நடக்கிற காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்ய விசாவிலேயே அனுமதி இல்லை. வேலை தருகிறவருக்கும் அது தெரியும். அதே வேலையைத் திருச்சியில் செய்கிற பெண்ணைப் பற்றி வீட்டில் ரகசியக் குரலில் பேசுகிறோம். அவளுடைய மணி நேரத்தை எண்ணவும் இங்கே யாரும் இல்லை. முகப்பில் அட்டை மாட்டுகிற கடைகள் எல்லாம் எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் நிற்கிற ஆளைத்தான் கேட்கின்றன. பாதி நாள் ஆள் என்றால் சீசன் ஆள், அவ்வளவுதான்.

கல்லூரிகளே ஏன் இதைச் செய்யக் கூடாது என்பது எனக்குப் பல வருட ஆதங்கம். நூலகத்தில் புத்தகம் அடுக்க, லேபில் சாமான் எடுத்து வைக்க, அட்மிஷன் சமயத்தில் விண்ணப்பம் சரிபார்க்க வாரம் பத்து மணி நேரத்துக்கு ஆள் வேண்டியிருக்கிறது. மகாராஷ்டிரத்தில் கர்மவீர் பாவ்ராவ் பாட்டீல் 1919இல் தொடங்கிய ரயத் சிக்‌ஷண் சன்ஸ்தாவில் சம்பாதித்துக்கொண்டே படிப்பது என்பதைக் கல்வியின் ஒரு பகுதியாகவே வைத்திருந்தார்கள். ஏழைப் பிள்ளைகள் வேலை செய்து படித்தார்கள், அதை மறைக்கவும் இல்லை. நம் ஊரில் கல்லூரி வளாகத்துக்குள் ஒரு வேலை இருந்தால், பெல் அடித்ததும் போகலாம், தேர்வு வாரத்தில் தானாக நிற்கும், விடுதிக் கதவு மூடுவதற்குள் திரும்பலாம். அப்பா கைகாட்டியில் நிற்க வேண்டியதில்லை.

போன சனிக்கிழமை நானே அவளைப் போனில் கூப்பிட்டேன். ஊருக்கு வந்திருந்தாள். அன்றைக்கு அப்படிச் சொன்னது தப்பு என்று முதலில் சொல்லிவிட்டேன். அவள் சும்மா இருக்கவில்லை, அதற்குள் மூன்று இடத்தில் கேட்டு வந்திருக்கிறாள். விடுதிக் கதவு ஆறரைக்கு மூடும். ஒரு மருந்துக் கடை, நாலிலிருந்து ஒன்பது. அது ஆகாது என்று அவளே அடித்துவிட்டாள். தில்லைநகரில் ஒரு வீட்டில் ஆறாம் வகுப்பும் எட்டாம் வகுப்பும் படிக்கிற இரண்டு பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன், நாலரையிலிருந்து ஐந்தே முக்கால், மாதம் இரண்டாயிரம். அப்புறம் ஒரு துணிக்கடையில் பில்லிங், இரண்டு மணியிலிருந்து ஆறு, ஐயாயிரம்.

"பில்லிங்ல நிஜமாவே ஆறு மணிக்கு விடுறாங்களா?"

"ஆறுன்னுதான் சொன்னாங்க அத்தை. சம்பளமும் அதுலதான் ஜாஸ்தி."

"திங்கக்கிழமை ஆறு மணிக்கு அந்தக் கடைக்கு எதிர்ல போய் நின்னு பாரு. செவ்வாயும் நின்னு பாரு. உள்ள இருக்கிற பொண்ணுங்க எப்ப வெளிய வர்றாங்கன்னு பார்த்துட்டு எனக்குப் போன் பண்ணு."

"எதுக்கு அத்தை அப்படி?"

அப்போதுதான் அவளிடம் சொன்னேன். பூனம் சேலை, பத்தரை மணி, பூக்கார அம்மா, மூன்றரை வண்டி, கைகாட்டி, எல்லாவற்றையும். அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது. அம்மா, அப்பா, நான் மூவரைத் தவிர அந்த ராத்திரி யாருக்கும் தெரியாது. அவள் போனை ஸ்பீக்கரில் போட்டிருக்கிறாள் என்பது எனக்குத் தெரியாது. நான் முடித்த பிறகு அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அண்ணனின் குரல் கேட்டது.

"ஏம்மா, அப்பா அன்னைக்கு ராத்திரி பூராவுமா அங்கேயே நின்னாரு?"